விந்தணு கம்மின்னு ரிப்போர்ட் வந்தா: காத்திருக்கிறதா, ஆபரேஷனா, நேரா இக்ஸியா?

ரிப்போர்ட்டைக் கையில வாங்கின அன்னைக்கு எனக்கு ஒண்ணும் புரியலை. ஒரு மில்லிக்கு 6 மில்லியன்னு போட்டிருந்துச்சு, அறுபது லட்சம்னா நிறையதானே, இதுல என்ன குறைன்னு நினைச்சேன், அதுக்குக் கீழயே ஒலிகோசூஸ்பெர்மியான்னு, அதாவது விந்தணு எண்ணிக்கை கம்மின்னு, ஒரு பேரு. அதைத் தேடிப் படிச்சு ராத்திரி தூக்கம் போச்சு. அடுத்த வாரமே ஒரு கிளினிக்ல என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காம, ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துட்டு நேரா இக்ஸி (லேப்ல முட்டைக்குள்ள ஒரு விந்தணுவை ஊசியால விடுறது) பண்ணிடலாம்னாங்க. அங்கதான் எனக்கு உறைச்சுது, இது ஒரே ஒரு முடிவு இல்ல, வரிசையா நாலஞ்சு முடிவு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு வழி இருக்கு, நடுவுல ஒண்ணைத் தாண்டிக் குதிச்சா பின்னாடி அது நேரத்தையும் உடம்பையும் சேர்த்து வாங்கிடும்னு. நான் டாக்டர் இல்ல, இந்தப் பாதையில ஒன்றரை வருஷமா நடக்கிற ஆளு, கேட்டதையும் படிச்சதையும் வச்சு எழுதுறேன்.

முதல் முடிவு, யாரு முதல்ல டெஸ்ட் எடுக்கிறது. பாதுகாப்பு எதுவும் இல்லாம 12 மாசம் முயற்சி பண்ணியும் தங்கலைன்னா பார்க்கணும், மனைவிக்கு 35 வயசு தாண்டியிருந்தா 6 மாசத்துலயே பார்க்கணும், இது எல்லா இடத்துலயும் சொல்ற கணக்கு. ஆனா நடக்கிறது என்னன்னா முதல்ல பொண்ணைத்தான் அனுப்புறோம், ஸ்கேன், ஹார்மோன், கருக்குழாய் அடைப்பு பார்க்க வலியோட ஒரு எக்ஸ்ரேன்னு எல்லாம் முடிஞ்சப்புறம்தான் "சரி அவரையும் ஒரு தடவை பார்த்துடலாம்"னு வரும். கிட்டத்தட்ட பாதி ஜோடிகள்ல ஆண் பக்கத்துக் காரணம் தனியாவோ பொண்ணு பக்கத்தோட சேர்ந்தோ இருக்குன்னு தெரிஞ்சும் இப்படித்தான். ஆணோட டெஸ்டுக்கு ஊசியும் கிடையாது வலியும் கிடையாது, ஒரு டப்பா அவ்வளவுதான். அதனால இதுல நான் நடுநிலையா இருக்கப் போறதில்ல, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிங்க, அவளுக்கு ஒரு குழாய் உள்ள போறதுக்கு முன்னாடி நம்ம ரிப்போர்ட் கையில இருக்கணும்.

அடுத்தது வீட்டு கிட்டா, லேபா. கூச்சப்படுறவங்களுக்கு வீட்டு கிட் ஒரு வழிதான், மறுக்கலை. ஆனா நிறைய கிட் எண்ணிக்கை ஒரு கோட்டுக்கு மேலயா கீழயான்னு மட்டும் சொல்லும், சிலது ஃபோன் கேமராவோட சேர்ந்து அசைவும் காட்டும், வடிவம், அளவு, அமிலத்தன்மை, இன்ஃபெக்ஷன் அறிகுறி இதெல்லாம் தெரியாது. எண்ணிக்கை நல்லா இருந்து ஒண்ணுகூட நீந்தாம இருந்தாலும் "நார்மல்"னு கோடு வந்துடும், அதை நம்பி இன்னும் ஒரு வருஷம் போகும். கிட்ல கம்மின்னு வந்தா எப்படியும் லேபுக்குத்தான் போகணும், நல்லா இருக்குன்னு வந்தாலும் நம்ப முடியாது, அப்புறம் அது எதுக்கு?

லேப்ல குடுக்கிறதுலயும் ஒரு சின்ன முடிவு இருக்கு, அங்கயே எடுக்கிறதா வீட்ல எடுத்துக்கிட்டுப் போறதா. அங்க இருக்கிற குட்டி ரூம்ல பதட்டத்துல ஒண்ணும் வராம திரும்பி வந்தவங்க நிறைய, வெட்கப்பட ஒண்ணுமில்ல. வீட்ல எடுத்தா அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள சேர்த்துடணும், சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டுப் போகணும், ஃப்ரிட்ஜ்ல வைக்கவே கூடாது. எங்க எடுத்தாலும் அதுக்கு முன்னாடி கடைசியா விந்து வெளியேறி 2 நாள்லருந்து 7 நாள் வரைக்கும் இடைவெளி இருக்கணும், அதுக்கு மேல சேர்த்து வச்சா கவுண்ட் ஏறுமே தவிர அசைவு குறையும். லூப்ரிகன்ட், சாதாரண காண்டம் எதுவும் வேண்டாம். முக்கியமா, முதல்ல வர்ற சொட்டுலதான் விந்தணு அதிகம், அது தவறி வெளிய போச்சுன்னா மறைக்காம லேப்ல சொல்லிடுங்க, இல்லைன்னா அந்த ரிப்போர்ட்டுக்கே அர்த்தமில்ல.

இப்ப நம்பருக்கு வருவோம், ஏன்னா பயமே இங்கதான் ஆரம்பிக்குது. உலக சுகாதார நிறுவனம் 2021ல விட்ட ஆறாவது பதிப்பு கையேட்டுல கீழ் எல்லைன்னு சொல்றது இது: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 16 மில்லியன், மொத்தமா 39 மில்லியன், மொத்த அசைவு 42 சதவீதம், முன்னோக்கி நீந்துறது 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இந்தக் கோடு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். ஒரு வருஷத்துக்குள்ள மனைவி கர்ப்பமான ஆம்பளைங்களோட சாம்பிளை வரிசைப்படுத்தி, அதுல கடைசி 5 சதவீதம் எங்க முடியுதோ அங்க போட்ட கோடு இது. அதாவது அப்பா ஆனவங்க நூறு பேர்ல அஞ்சு பேர் இந்தக் கோட்டுக்குக் கீழதான் இருந்தாங்க. கோட்டுக்கு மேல இருந்தா உறுதின்னும் இல்ல, கீழ இருந்தா முடியாதுன்னும் இல்ல, பரீட்சையில பாஸ் மார்க் மாதிரி இதைப் பார்க்கவே கூடாது. அதுலயும் அந்த 4 சதவீதம் இருக்கே, "96 சதவீதம் கோணலா இருக்கு"ன்னு அழுது வந்த ஒருத்தரை எனக்குத் தெரியும், அது நார்மல் ரிப்போர்ட்டுங்க.

தனித்தனி நம்பரைவிட எனக்கு உதவினது ஒரு சின்னப் பெருக்கல். அளவு, ஒரு மில்லிக்கு எத்தனை, எத்தனை சதவீதம் அசையுது, மூணையும் பெருக்கணும். 2 மில்லி, 10 மில்லியன், 40 சதவீதம்னா 8 மில்லியன் நீந்துற விந்தணு மொத்தமா இருக்கு. எந்தச் சிகிச்சை பக்கம் போறதுன்னு பேசும்போது டாக்டர்ங்க மனசுல ஓடுற நம்பர் பெரும்பாலும் இதுதான்.

ஒரு ரிப்போர்ட் போதுமா? போதாது. ஒரு விந்தணு உருவாகி முடிய 74 நாள் ஆகும், அப்புறம் வெளிய வர்ற குழாயில பயணம் இன்னும் ரெண்டு வாரம் போல. அப்ப இன்னைக்கு டப்பாவுல இருக்கிறது ரெண்டரை மூணு மாசத்துக்கு முன்னாடி உங்க உடம்பு எப்படி இருந்துச்சுன்னு சொல்ற சேதி. எனக்கு முதல் டெஸ்டுக்கு ஒன்றரை மாசம் முன்னாடி ஒரு வாரம் 103 டிகிரி காய்ச்சல், அதை யாரும் கேட்கலை, நானும் சொல்லலை. ரெண்டரை மாசம் கழிச்சு எடுத்தப்ப 6 மில்லியன் 11 ஆச்சு. அப்பவும் கம்மிதான், ஆனா ரெண்டு நம்பருக்கும் போற பாதை வேற. முதல் ரிப்போர்ட் சரியில்லைன்னா குறைஞ்சது ஒரு மாச இடைவெளியில இன்னொண்ணு எடுக்கணும், காய்ச்சல் கீய்ச்சல் வந்திருந்தா மூணு மாசம் விட்டு எடுக்கிறது நல்லது.

ரெண்டாவது ரிப்போர்ட்டும் கம்மின்னா அடுத்து நிறைய பேர் பண்றது, இன்னும் பெரிய பெரிய லேப் டெஸ்டா எடுக்கிறது. நான் சொல்றது அதுக்கு முன்னாடி ஆண்ட்ராலஜி (ஆண்களோட இனப்பெருக்க மருத்துவம்) தெரிஞ்ச ஒரு யூராலஜிஸ்ட் கையால தொட்டுப் பார்க்கட்டும். அஞ்சு நிமிஷம் நிக்க வச்சுப் பார்க்கிறதுல விதை சின்னதா இருக்கா, விந்துக்குழாய் ரெண்டு பக்கமும் இருக்கா, விதைக்கு மேல ரத்த நரம்பு சுருண்டு வீங்கியிருக்கான்னு தெரிஞ்சுடும். பிறவியிலேயே குழாய் இல்லாதவங்க உண்டு, விந்து அளவு ரொம்பக் கம்மியா அமிலமா இருக்கும், விந்தணு ஒண்ணும் இருக்காது, எத்தனை மாத்திரை போட்டாலும் ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு, குழந்தையின்மையோட வர்ற ஆம்பளைங்கள்ல விதைப் புற்றுநோய் மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகமாப் பார்க்கப்படுது, அதுவும் இந்தக் கைப் பரிசோதனையில மாட்டும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துட்டு இக்ஸிக்குத் தேதி குறிக்கிற இடத்துல எனக்கு இருக்கிற பெரிய கோபம் இதுதான்.

நரம்பு வீக்கம்னு சொன்னேன்ல, அதுதான் வேரிகோசீல். பொதுவா ஆம்பளைங்கள்ல 15 சதவீதம் பேருக்கு இருக்கு, குழந்தைக்காக வர்றவங்கள்ல 35லருந்து 40 சதவீதம் பேருக்கு. இடது பக்கம்தான் அதிகம், ஏன்னா இடது விதையோட ரத்தக்குழாய் சிறுநீரகத்து நரம்புல செங்குத்தாப் போய்ச் சேருது, ரத்தம் கீழ தேங்க வசதி. தேங்குற ரத்தத்தால விதைக்குச் சூடு ஏறுது, உற்பத்தி கெடுது. வலது பக்கம் மட்டும் தனியா திடீர்னு வந்தா வயித்துக்குள்ள வேற ஏதாவது அழுத்துதான்னு ஸ்கேன் பார்க்கணும். மத்தபடி கைக்குத் தட்டுப்படாம ஸ்கேன்ல மட்டும் தெரியுற சின்ன வேரிகோசீலுக்கு ஆபரேஷன் பண்ணிப் பலன் இல்ல, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது கத்தியைத் தூக்கினா இன்னொரு டாக்டரையும் கேட்டுடுங்க.

ரத்த டெஸ்ட் எதுன்னா, கவுண்ட் ரொம்பக் கம்மியாவோ ஆசை விறைப்பு குறைஞ்சோ இருந்தா எஃப்எஸ்எச் (விந்தணு செய்யச் சொல்லி விதையைத் தூண்டுற மூளை ஹார்மோன்), காலையில எடுத்த டெஸ்டோஸ்டிரோன், தேவைப்பட்டா எல்எச் (டெஸ்டோஸ்டிரோன் செய்யச் சொல்லித் தூண்டுறது), புரோலாக்டின்னு இன்னொரு ஹார்மோன். ஒரு மில்லிக்கு 5 மில்லியனுக்கும் கீழன்னா கேரியோடைப் (குரோமோசோம்களோட எண்ணிக்கையும் அமைப்பும் பார்க்கிற டெஸ்ட்), இன்னும் ரொம்பக் கம்மியாவோ சுத்தமா பூஜ்யமாவோ இருந்தா ஒய் குரோமோசோம்ல துண்டு விடுபட்டிருக்கான்னும் பார்ப்பாங்க. டிஎன்ஏ ஃப்ராக்மென்டேஷன் டெஸ்ட்டை (விந்தணுவோட டிஎன்ஏ உடைஞ்சிருக்கான்னு பார்க்கிறது) எடுத்த எடுப்புலயே எழுதித் தர்றது இப்ப ஃபேஷன் ஆயிடுச்சு, திரும்பத் திரும்பக் கரு கலைஞ்சவங்களுக்கு அது அர்த்தமுள்ளது, முதல் நாளே எல்லாருக்கும் தேவையில்ல.

காரணம்னு எடுத்தா பட்டியல் நீளம்: சின்ன வயசுல விதை இறங்காம இருந்தது, வயசுக்கு வந்தப்புறம் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வரைக்கும் போனது, கீமோ, ரேடியேஷன், பால்வினை இன்ஃபெக்ஷன்ல குழாய் அடைச்சது, சர்க்கரையில விந்து பின்னாடி சிறுநீர்ப்பைக்குள்ள போறது, புகை, அதிக உடல் எடை, சூடு. முடி கொட்டாம இருக்கப் போடுற ஃபினாஸ்டிரைடு, குடல் அழற்சிக்குப் போடுற சல்ஃபாசலசின் மாதிரி மாத்திரையும் சிலருக்குக் காரணம் (நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்தவரைக் கேளுங்க). நிறைய பேருக்கு எவ்வளவு தேடினாலும் காரணமே கிடைக்காம போறதும் உண்டு.

ஆனா ஒண்ணை மட்டும் நிறுத்திச் சொல்லியே ஆகணும், டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண்மைக்கான ஹார்மோன்தானே, போட்டா விந்தணு கூடும்னு நினைக்கிறது நியாயமாத்தான் தெரியும், நடக்கிறது நேர் எதிர். வெளிய இருந்து ஹார்மோன் வந்ததும் மூளை "ஓ நிறைய இருக்கே"ன்னு எல்எச், எஃப்எஸ்எச் ரெண்டையும் நிறுத்திடும், விதைக்குள்ள இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்துல இருக்கிறதைவிடப் பல மடங்கு அதிகம், அது ஊசியால வராது, விதையேதான் செய்யணும், அது இப்ப வேலைநிறுத்தம். கவுண்ட் பூஜ்யம் வரைக்கும் போகும். ஜிம்முல ஸ்டீராய்டு போட்டவங்களுக்கும் இதே கதை. நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்குத் திரும்ப வரும், ஆனா ஆறு மாசம் ஒரு வருஷம், சிலருக்கு ரெண்டு வருஷம்கூட ஆகலாம். டெஸ்டோஸ்டிரோன் நிஜமாவே குறைவா இருந்து குழந்தையும் வேணும்னா விதையையே வேலை செய்ய வைக்கிற குளோமிஃபீன், எச்சிஜி மருந்துன்னு வேற வழி இருக்கு, அதை டாக்டர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க, "எங்களுக்குக் குழந்தை வேணும்"ங்கிற ஒரு வரியைச் சொல்லாததால ஊசி வாங்கிக்கிட்டவங்க இருக்காங்க.

சரி, காரணம் தெரிஞ்சோ தெரியாமலோ கவுண்ட் கம்மின்னு உறுதியாச்சு. இப்பதான் தலைப்புல இருக்கிற கேள்வி.

காத்திருக்கிறது ஒரு வழி, அது சோம்பேறித்தனம் இல்ல. லேசான குறைவு, மனைவி முப்பதுக்குப் பக்கத்துல, முயற்சி ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆகுதுன்னா சிகரெட்டை விட்டு, எடையைக் குறைச்சு, வெந்நீர்த் தொட்டி, மடியில லேப்டாப்பை நிறுத்தி மூணுலருந்து ஆறு மாசம் பார்க்கலாம். கூடவே விட்டமின் பாக்கெட் வாங்கணுமா? 2020ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 2370 ஜோடிகளை எடுத்து ஆண்களுக்கு ஃபோலிக் ஆசிடும் ஜிங்க்கும் குடுத்துப் பார்த்தாங்க, குழந்தை பிறக்கிற எண்ணிக்கை கூடலை. அதே வருஷம் வந்த ஆன்ட்டிஆக்ஸிடன்ட் கலவை ஆய்வுலயும் விந்தணு தேறலை. நான் மூணு மாசம் சாப்பிட்டேன், மனசுக்கு ஏதோ பண்றோம்னு இருந்துச்சு, அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. அதை நம்பி நேரத்தைத் தள்ளுறதுதான் ஆபத்து.

ஆபரேஷன், அதாவது கைக்குத் தெரியுற வேரிகோசீல் இருந்து விந்து ரிப்போர்ட்டும் சரியில்லாதவங்களுக்கு. மைக்ராஸ்கோப் வச்சுப் பண்றதுல திரும்ப வர்றதும், நீர் கோர்க்கிறதும் கம்மி. கத்தியே வேண்டாம்னா நரம்பு வழியா குழாய் விட்டு அடைக்கிற எம்போலைசேஷனும் உண்டு. மூணுல ரெண்டு பேருக்கு ரிப்போர்ட் தேறுது, மீதிப் பேருக்கு ஒண்ணும் மாறாது, அதைத் தெரிஞ்சுக்கிட்டே போகணும். பலன் தெரிய மூணுலருந்து ஆறு மாசம். இதோட பெரிய நன்மை, இயற்கையா தங்கலைன்னாலும் இக்ஸி வரைக்கும் போக வேண்டியது அடுத்து சொல்லப் போற, அதைவிட எளிமையான ஐயூஐயோட முடியலாம். பெரிய தீமை அந்தக் காத்திருப்பு, மனைவிக்கு 38ன்னா அந்த ஆறு மாசம் ரொம்பப் பெரிசு.

ஐயூஐன்னா கழுவிச் சுத்தப்படுத்தின விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள்ள நேரா விடுறது. நான் மேல சொன்ன பெருக்கல் இங்க வேலைக்கு வரும், கழுவினப்புறம் 5 மில்லியனாவது நீந்தணும்னு பார்ப்பாங்க, அதுக்குக் கீழ போகப் போக வாய்ப்பு சரியுது. நல்லா இருந்தாலே ஒரு சைக்கிளுக்கு 10 சதவீதத்துக்கு அக்கம்பக்கம்தான், அதனால ஒண்ணு போச்சுன்னு உடைஞ்சு போக வேண்டாம், ஆனா மூணு நாலு தடவைக்கு மேல அதையே பண்ணிக்கிட்டு இருக்கவும் வேண்டாம்.

இக்ஸி. 1992ல பிரஸ்ஸல்ஸ்ல இருந்து முதல் கர்ப்பங்களை அறிவிச்சாங்க, ஒரு முட்டைக்குள்ள ஒரே ஒரு விந்தணுவை ஊசியால விடுறது. ஆண் பக்கத்துல கடுமையான குறைவு இருக்கிறவங்களுக்கு இது கதவைத் திறந்துவிட்டுச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா குறை என்கிட்ட, ஊசி முழுக்க அவளுக்கு. பத்துப் பன்னெண்டு நாள் ஹார்மோன் ஊசி, மயக்கம் குடுத்து முட்டை எடுக்கிறது, சூல்பை வீங்கிப் போற அபாயம், இதெல்லாம் ஆம்பளை உடம்புல ஒரு கீறல்கூட விழாம நடக்குது. வெற்றியும் பெரும்பாலும் முட்டையோட வயசைப் பொறுத்துதான். அதனாலதான் என் கணக்குல ஆணோட கவுண்டைவிட மனைவியோட வயசும் முட்டை இருப்பும் (ஏஎம்எச் டெஸ்ட்) முதல்ல பார்க்க வேண்டிய நம்பர். அவளுக்கு 37, 38, முட்டை இருப்பும் கம்மின்னா வேரிகோசீலை ஓரமா வச்சுட்டு இக்ஸிக்குப் போறதுதான் புத்தி. அவளுக்கு 30, இருப்பு நல்லா இருக்குன்னா நம்மகிட்ட சரி பண்ண முடிஞ்சதை முதல்ல சரி பண்றதுதான் நியாயம்.

பூஜ்யம்னு வந்தவங்களுக்குக் கணக்கே வேற. பொதுவா ஆம்பளைங்கள்ல நூத்துல ஒருத்தருக்கு இது இருக்கு. அடைப்பா, உற்பத்தியே இல்லையான்னு முதல்ல பிரிக்கணும்: விதை சாதாரண சைஸ், எஃப்எஸ்எச்சும் சாதாரணம்னா அடைப்பா இருக்க வாய்ப்பு அதிகம், விதை சின்னது, எஃப்எஸ்எச் ஏறியிருக்குன்னா உற்பத்திக் கோளாறு. அடைப்புன்னா குழாயைத் திரும்ப இணைக்கலாம், இல்ல ஊசியில விந்தணுவை எடுத்து இக்ஸி பண்ணலாம். உற்பத்திக் கோளாறுன்னா மைக்ரோ டெசே, 1999லருந்து வந்தது, மைக்ராஸ்கோப்ல விதையைத் திறந்து எங்கயாவது நாலு விந்தணு இருக்கான்னு தேடுறது, ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்குது. ஆனா ஒய் குரோமோசோம்ல ஏ பகுதியோ பி பகுதியோ முழுசா விடுபட்டிருந்தா கிடைக்கவே கிடைக்காது, அந்த ரத்த டெஸ்டை ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்காம விதையைத் திறக்கிறது அநியாயம். சி பகுதி மட்டும் இல்லைன்னா கிடைக்கலாம், ஆனா பிறக்கிற ஆண் குழந்தைக்கும் அதே குறை போகும்னு தெரிஞ்சு முடிவெடுக்கணும். மூளையிலிருந்து சிக்னலே வராத வகை ஒண்ணு இருக்கு, எஃப்எஸ்எச், எல்எச் ரெண்டும் தரையில கிடக்கும், பார்க்க மோசமாத் தெரிஞ்சாலும் அதுதான் மருந்துக்கு நல்லாக் கேட்கிறது, அந்தச் சிக்னல் வேலையைச் செய்யுற ஹார்மோன் ஊசி (டெஸ்டோஸ்டிரோன் இல்ல) போட ஆரம்பிச்சு ஆறு மாசத்துலருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள பலருக்கு விந்தணு வந்துடுது. எதுவும் கிடைக்கலைன்னா டோனர் விந்து, தத்து, ரெண்டு பேராவே இருக்கிறது, மூணும் முழு வழிதான், எதையும் கடைசி இடம்னு நினைக்க வேண்டியதில்ல, ஆனா அதை ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வச்சுப் பேசாம முன்னாடியே வீட்ல பேசிடுங்க.

எங்க வீட்டுக் கதை, இடது பக்கம் கைக்கே தெரியுற வேரிகோசீல், அவளுக்கு 31, ஏஎம்எச் நல்லா இருந்துச்சு. இக்ஸியைத் தள்ளி வச்சுட்டு மைக்ராஸ்கோப் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், ஒரு வாரம் கால் அகட்டி நடந்தேன், அவ்வளவுதான். ஆறாவது மாசம் 19 மில்லியன், அசைவு 28லருந்து 41 சதவீதம். இன்னும் தங்கலை. காலண்டர்ல ஆறு மாசம் தள்ளி ஒரு தேதியில வட்டம் போட்டு வச்சிருக்கோம், அது வரைக்கும் இப்படியே, தாண்டினா மூணு ஐயூஐ, அதுக்கப்புறம்தான் அவளுக்கு ஊசி.